முப்பது துடிப்பு

"இன்னா மாமா இது, நம்பரெல்லாம் ரிவர்ஸ்ல போவுது?"

"இது மணி பாக்கறதுக்கு மட்டும் செஞ்ச வாட்ச் இல்ல. கையக் குடு."

"எதுக்கு?"

"குடேன். கடிச்சித் துன்னுடவா போறேன்?"

"யாரு கண்டா. உங்க ஊர்க்காரங்கள நம்பறதுக்கில்லன்னு எங்க அக்கா சொல்லித்தான் அனுப்பிச்சா."

சொல்லிக்கொண்டே கையை நீட்டினாள். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தேன். மேல் பொத்தானை அழுத்தி, முப்பது வரை எண்ணி, மறுபடி அழுத்தினேன்.

"எத்தினி?"

"எழுபத்தி நாலு."

"நல்லதா, கெட்டதா?"

"ரொம்ப நல்லது."

கல்யாணமான நாலாம் நாள் காலையில் எனக்கும் தேன்மொழிக்கும் நடந்த பேச்சு இது. அப்போது அவளுக்கு இருபத்திரண்டு வயது, எனக்கு இருபத்தொன்பது. பன்னிரண்டு வருடம் ஓடிவிட்டது. அன்று தொடங்கி, அவள் வீட்டில் இருந்த எந்த நாளிலும் நான் எண்ணாமல் விட்டதில்லை. சிலர் எழுந்ததும் செய்தித்தாள் பார்ப்பார்கள். நான் இதைப் பார்ப்பேன்.

மேடம், எனக்குத் தெலுங்கு பேசத்தான் வரும். நாலு வரி எழுதினால் இரண்டு தப்பு வந்துவிடும். தமிழிலேயே எழுது, ஆள் வைத்து மொழிபெயர்த்துக்கொள்கிறோம் என்று சொன்னீர்கள். அதற்கு நன்றி. நீங்கள் கேட்டது 'ஏன்' என்ற ஒரே கேள்வி. அதற்குப் பதில் அந்த வாட்சிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

என் நைனா கிருஷ்ணப்பா சித்தூரில் ஒரு டாக்டரிடம் முப்பது வருடம் அட்டெண்டராக இருந்தார். டாக்டர் வயதான காலத்தில் பிள்ளைகளோடு அமெரிக்கா போகும்போது தன் கையிலிருந்து கழற்றி நைனாவிடம் கொடுத்தது அது. சுவிட்சர்லாந்தில் செய்தது. அறுபது எழுபது வருடம் இருக்கும். தினமும் சாவி கொடுக்க வேண்டும். சாதாரண முள்களோடு, வேண்டும்போது ஓடவிட்டு வேண்டும்போது நிறுத்துகிற தனி விநாடி முள் ஒன்றும் உண்டு. பால் நிற டயல். அதன் விளிம்பில் இரண்டு வட்டங்கள். சிவப்பு வட்டம் நாடிக்கு, நீல வட்டம் மூச்சுக்கு. சிவப்பு வட்டத்தில் எண்கள் இருநூறில் தொடங்கி நூற்றெண்பது, நூற்றறுபது என்று இறங்கிக்கொண்டே வந்து, முள் ஒரு சுற்று முடிக்கிற இடத்தில் முப்பதில் முடியும். நோயாளியின் கையைப் பிடித்து முள்ளை ஓடவிட வேண்டும். முப்பது துடிப்பு எண்ணியதும் நிறுத்த வேண்டும். முள் எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் நிமிடத்துக்கான நாடி. கணக்கே போட வேண்டாம். டாக்டர்களுக்கென்று செய்த வாட்ச்.

நாடி மட்டும் போட்ட டயல் தேடினால் கிடைக்கும், மூச்சும் சேர்ந்த டயல் மிக அரிது என்று எனக்குச் சொன்னவர் பவன்குமார். பெங்களூரில் பழைய வாட்சுகள் சேகரிப்பவர். நான் ஃபேஸ்புக்கில் ஒரு படம் போட்டதைப் பார்த்துவிட்டு இரண்டு தடவை சித்தூருக்கே வந்தார். கண்ணில் லென்ஸை மாட்டிக்கொண்டு அரை மணி நேரம் டயலையே பார்த்தார்.

"அண்ணா, இந்த மாதிரி பீஸ் நானு படத்துல தான் பாத்திருக்கேன். நீங்க ஒரு நம்பர் சொல்லுங்க."

தேன்மொழி காபி கொண்டு வந்து வைத்தாள். "வாட்ச குடுக்க மாட்டாரு சார். என்னிய வேணா கேட்டுப் பாருங்க, குடுத்தாலும் குடுப்பாரு."

எல்லோரும் சிரித்தோம். அப்படித்தான் பேசுவாள். அவள் இருக்கிற இடத்தில் சத்தம் இருக்கும்.

எங்கள் குடும்பத்தைப் பற்றி யாரும் குறை சொல்ல முடியாது, மேடம். குழந்தை இல்லை. அதற்காக நான் அவளை ஒரு வார்த்தை சொன்னதில்லை. கை ஓங்கியதில்லை. எங்கே போகிறாய், யாரோடு பேசுகிறாய் என்று கேட்டதில்லை. அவளுடைய அக்கா வள்ளியம்மாளே சாட்சி சொல்வாள். நான் மருந்துக் கடையில் பதினாறு வருடமாக வேலை செய்கிறேன். அவள் பாலிடெக்னிக் படித்தவள். செல்போன் ரிப்பேர் கடையில் உட்கார்ந்து, கண்ணுக்குத் தெரியாத கம்பிகளை ஒட்டவைப்பாள். மாலையில் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டுக்கு நடந்து வருவோம். அவ்வளவுதான் எங்கள் வாழ்க்கை. எனக்கு அது போதுமாக இருந்தது.

இந்த ஜனவரியில் ஸ்ரீசிட்டியில் ஒரு தொழிற்சாலையில் அவளைத் தேர்வு செய்தார்கள். சர்க்யூட் போர்டுகளைச் சரிபார்க்கிற வேலை. பக்கத்தில் தடாவில் பெண்களுக்கு ஹாஸ்டல் உண்டு. சனிக்கிழமை வந்து ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் திரும்பிவிட வேண்டும்.

"வாரா வாரம் போய்க்கினு வந்துக்கினு இருந்தா போச்சி. மூணு மணி நேரந்தான் மாமா. இன்னா சொல்ற?"

"நல்லது தேனு," என்றேன். அன்று சாயங்காலம் மைசூர்பா வாங்கி வந்து நானே பக்கத்து வீடுகளுக்குக் கொடுத்தேன். அது நடிப்பு என்று நீங்கள் நினைக்கலாம். இல்லை. அவள் சந்தோஷப்பட்டால் எனக்கும் சந்தோஷம்தான்.

மறுநாள் காலை முள் எண்பத்து நாலில் நின்றது. பன்னிரண்டு வருடத்தில் காய்ச்சல் இல்லாமல் அந்த எண்ணை நான் பார்த்ததில்லை. எண்பத்து நாலு என்றால் முப்பது துடிப்புக்கு இருபத்தொரு விநாடி. முடிந்ததும் கையை உருவிக்கொண்டாள். ஐ.டி. கார்டுக்குப் போட்டோ எடுக்க வேண்டுமாம். அன்று முழுவதும் என்னால் ஓரிடத்தில் நிற்க முடியவில்லை. கடையில் இரண்டு பேருக்கு மாற்றி மருந்து கொடுத்துவிட்டு, தெருமுனை வரை ஓடிப்போய்த் திரும்ப வாங்கினேன். மதியம் சாப்பாட்டை எடுத்து வைத்துவிட்டு பஸ் ஸ்டாண்டு வரை நடந்தேன். எதற்கென்று தெரியவில்லை. தடா வழியாகப் போகிற பஸ் எந்தெந்த நேரத்துக்கு என்று பலகையில் பார்த்துவிட்டு வந்தேன். அவள் இதயம் என்னைவிட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, கொஞ்சம் மெதுவாகப் போகட்டும் என்றுதான் நினைத்தேன். அதற்குமேல் எதுவும் நினைக்கவில்லை.

பிப்ரவரியில் அவளுக்குச் சோர்வு வந்தது. மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துகொள்வாள். குளியலறையில் விழுந்து புருவத்தில் மூன்று தையல் போட்டார்கள். வேலையில் சேருவதற்கு முன்னால் மெடிக்கல் டெஸ்ட் உண்டு. அதில் நாடி மிகவும் குறைவாக இருக்கிறது, இப்போது சேர்க்க முடியாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். கம்பெனிக்காரர்கள் நல்லவர்கள். மே முப்பத்தொன்றுக்குள் உடம்பு சரியாகி மறுபடி டெஸ்ட்டுக்கு வந்தால் வேலை உண்டு, இல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதம் கொடுத்தார்கள். அந்தக் கடிதத்தை பீரோ கண்ணாடியில் ஒட்டிவைத்தாள். தலை வாரும்போதெல்லாம் அதைப் பார்ப்பாள்.

சித்தூரில் காட்டிய டாக்டர் இ.சி.ஜி. எடுத்தார், இரத்தம் பார்த்தார், ஸ்கேன் பார்த்தார். எல்லாம் சரியாக இருக்கிறது, நாடி மட்டும் ஏன் இப்படி என்று புரியவில்லை என்றார்.

"ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா அம்மா?"

"தலைவலி மாத்திரகூடப் போட மாட்டேன் சார். எங்க வூட்டுக்காரரே மருந்துக் கடைல தான் கீறாரு, அவரையே கேளுங்க."

டாக்டர் என்னைப் பார்த்தார். "இல்லை சார்," என்றேன். அவளுக்குத் தெரிந்தவரை அது உண்மைதான்.

பிப்ரவரியிலிருந்து ஏப்ரல் வரையான அந்த மூன்று மாதத்தைப் பற்றி வள்ளியம்மாள் உங்களிடம் அழுதுகொண்டே சொல்லியிருப்பாள். நான் சொன்னால் வேறு மாதிரி இருக்கும். வெந்நீர் நான் போட்டேன். தலை நான் வாரினேன். கேழ்வரகுக் கூழ் நானே கரைத்து, மோர் ஊற்றி, சின்ன வெங்காயம் நறுக்கிப் போட்டு, தினமும் காலையில் டம்ளரோடு அவள் பக்கத்தில் உட்காருவேன். செல்போன் கடையை விட்டுவிட்டாள். நான் வேலைக்குப் போகும்போது ஜன்னல் பக்கம் நாற்காலி போட்டு உட்காரவைத்துவிட்டுப் போவேன். திரும்பி வரும்போது அதே இடத்தில் இருப்பாள். இரண்டு பேரும் அவ்வளவு நேரம் பேசியது கல்யாணமான புதிதில்கூட இல்லை.

"உனக்குப் பாரமாயிட்டேன் இல்ல மாமா?" என்பாள்.

"பைத்தியம்," என்பேன்.

டயலைப் பற்றி முன்பே சொன்னேன். நாடி மெதுவாகிவிட்டால் முள் அதிக தூரம் போக வேண்டியிருக்கும். எழுபத்து நாலில் இருபத்து நாலு விநாடிதான் அவள் கை என் கையில் இருக்கும். ஐம்பதில் முப்பத்தாறு விநாடி. ஏப்ரலில் ஒரு நாள் காலை முள் முப்பத்தாறில் நின்றது. அன்று முழுதாக ஐம்பது விநாடி. விரல்கள் குளிர்ந்திருந்தன. ஒவ்வொரு துடிப்புக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது. காத்திருந்தால் வந்தது. வெளியே பால்காரன் மணி அடிக்கிறான், அவள் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறாள், அவசரமாக எழுந்து போக அவளுக்கு எந்த இடமும் இல்லை. அந்த ஐம்பது விநாடிதான் என் வாழ்க்கையிலேயே நான் நிம்மதியாக இருந்த நேரம்.

மே மாதம் வள்ளியம்மாள் போன் செய்தாள். அவளுக்கும் அவள் புருஷன் ரமணாவுக்கும் திருப்பதியில் அலிபிரி ரோடு பக்கம் வீடு. மகள் நந்திதா நர்ஸிங் இரண்டாம் வருடம் படிக்கிறாள். திருப்பதியில் ஒரு பெரிய டாக்டரிடம் புதன்கிழமை காலைக்கு நேரம் வாங்கிவிட்டார்கள். செவ்வாய்க்கிழமையே அனுப்பு, ஒரு ராத்திரி இங்கே தங்கட்டும், காட்டிவிட்டு அனுப்பிவிடுகிறோம் என்றாள். கடை முதலாளி ஊரில் இல்லை. என்னால் கூடப் போக முடியவில்லை. ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

அங்கேதான் இரண்டு தப்பு செய்தேன். முதல் தப்பு, வாட்சை அவளிடம் கொடுத்து அனுப்பியது. ஒரு நாள் காலை எண்ணைத் தெரிந்துகொள்ளாமல் இருக்க என்னால் முடியாது. நந்திதாவை எண்ணச் சொல்லிப் போனில் சொல், எப்படி என்று நான் சொல்லித் தருகிறேன் என்றேன். இரண்டாவது தப்பு, எந்தச் செவ்வாய்க்கிழமை என்று பார்க்காதது.

புதன்கிழமை மதியம் போன் செய்தேன். டாக்டர் மேலும் சில டெஸ்ட் எழுதிக் கொடுத்திருந்தார். எத்தனை மணி பஸ் என்று கேட்டேன். வள்ளியம்மாள்தான் எடுத்தாள்.

"எந்த பஸ்ஸு? நேத்தே சாட்டிம்பு போட்டாச்சி தம்பி. அடுத்த வாரம் ஜாத்திர முடியற வரைக்கும் அவ எல்ல தாண்டக் கூடாது."

திருப்பதியில் கங்கம்மா ஜாத்திரை தொடங்குவதாக ஊர் சுற்றி அறிவிப்பதைச் சாட்டிம்பு என்பார்கள். அது போட்டுவிட்டால் ஊரில் இருப்பவர்கள் ஜாத்திரை முடியும்வரை வெளியூரில் இராத் தங்கக் கூடாது. எனக்கு அது காதில் விழுந்த செய்திதான். நாங்கள் எல்லையோரத்துத் தமிழர்கள். எங்கள் ஊரில் அப்படி ஒரு கட்டு கிடையாது.

"அவ உங்க ஊரு இல்லியே அக்கா. ஒரு நாளைக்கி வந்தவ."

"சாட்டிம்பு அன்னிக்கி ஊர்ல யாரு கீறாங்களோ அவங்கல்லாம் ஊர்க்காரங்க தான். உடம்பு சரியில்லாத பொண்ண வெச்சிக்கினு அம்மா கிட்ட வெளாடுவியா நீ? ஒரு வாரம் பொண்டாட்டி இல்லன்னா சோறு எறங்காதா தம்பிக்கு?"

பின்னால் யாரோ சிரித்தார்கள். தேன்மொழியும் சிரித்தாள் என்று நினைக்கிறேன். அந்தச் சிரிப்பில் மூச்சு வாங்கவில்லை.

அன்று சாயங்காலத்துக்குள் பதினோரு தடவை போன் செய்தேன். நந்திதா உற்சாகமான பெண். "சித்தப்பா, இந்த வாட்ச் சூப்பரா கீது. காலைல நாப்பத்தாறு, சாயங்காலம் ஐம்பத்தி ரெண்டு. நோட்டுல எழுதிக்கினு வரேன், டாக்டருக்குக் காட்டலாம்," என்றாள். நல்லது அம்மா என்றேன். வீட்டில் முன்வாசலுக்கும் பின்வாசலுக்கும் நடந்துகொண்டே இருந்தேன். மறுநாள் காலை ஐம்பத்தெட்டு என்று சொன்னபோது நான் ஏற்கெனவே கூழ் கரைத்து பிளாஸ்கில் ஊற்றியிருந்தேன்.

கடைக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லிவிட்டுத் திருப்பதி பஸ் ஏறினேன். பிளாஸ்கை மடியிலேயே வைத்திருந்தேன். வழியெல்லாம் மூடியைத் திருகித் திருகிப் பார்த்தேன், கொட்டிவிடக் கூடாதே என்று. திருப்பதியில் தெருவெல்லாம் வேஷம் கட்டியவர்கள். உடம்பு முழுவதும் குங்குமம் பூசி, வேப்பிலை கட்டிக்கொண்டு, எதிரில் வருகிறவர்களை வாய்க்கு வந்தபடி திட்டுவார்கள். அந்த நாட்களில் யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. அம்மனுக்கு அது பிடிக்குமாம். வள்ளியம்மாள் வீட்டு வாசலில் ஒருவன் என்னை மறித்தான்.

"டேய் தூங்குமூஞ்சி, பொண்டாட்டி முந்தானையப் புடிச்சிக்கினு பஸ் ஏறி வந்துட்டியா? பிளாஸ்க்குல இன்னாடா, வெஷமா?"

தெருவே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தேன்மொழி வாசலில் நின்றுகொண்டிருந்தாள். நாற்காலியைப் பிடிக்காமல், சுவரில் சாயாமல் நின்றாள். முகத்தில் நிறம் வந்திருந்தது. என்னைப் பார்த்ததும் இறங்கி வந்து பிளாஸ்கை வாங்கினாள். "கூழா? இதுக்கா இத்தினி தூரம் வந்த? பைத்தியம் மாமா நீ," என்றாள். கண் கலங்கிவிட்டது அவளுக்கு. மூடியைத் திறந்து அப்படியே குடிக்கப் போனாள்.

வள்ளியம்மாள் பிடுங்கிக்கொண்டாள். "ஜாத்திர டைம்ல அம்மாக்குப் படைக்காத கூழு துன்னக் கூடாதுடி." வாசலில் பந்தல் போட்டு, போகிற வருகிறவர்களுக்கு ஊற்ற ஒரு பெரிய அண்டாவில் கூழ் வைத்திருந்தார்கள். பிளாஸ்கில் இருந்ததை முழுவதும் அந்த அண்டாவில் கவிழ்த்துக் கலக்கிவிட்டாள். எல்லாம் ஒன்றுதான், எல்லோருக்கும் போகட்டும் என்றாள்.

ஒரு கிழவர் சொம்போடு முன்னால் வந்தார். அவருக்குப் பின்னால் இரண்டு பெண்கள், பிள்ளைகள். நான் அண்டாவின் அளவைப் பார்த்தேன். எண்பது லிட்டர் இருக்கும். என் பிளாஸ்க் ஒரு லிட்டர். ஒரு ஆளுக்கு ஒரு டம்ளர் என்றால் பயப்பட ஒன்றுமில்லை என்று தோன்றியது. அதனால் ஒன்றும் சொல்லவில்லை. அன்று அந்தத் தெருவில் யாராவது மயங்கினார்களா என்று நீங்கள் கேட்டீர்கள். எனக்குத் தெரியாது. மே மாத வெயில். நான் நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

இனிமேல் சுற்றி வளைக்க வேண்டாம். இரத்த அழுத்தக்காரர்களுக்குக் கொடுக்கிற, இதயத்தை மெதுவாக்குகிற மாத்திரை. கடையிலிருந்து எடுத்து, வீட்டில் பொடி செய்து, ஜனவரி கடைசி வாரத்திலிருந்து தினமும் அவள் கூழில் நான் கலந்தேன். எவ்வளவு கலக்க வேண்டும் என்பதை டயலைப் பார்த்துத்தான் முடிவு செய்தேன். எண் ஏறினால் கூட்டுவேன், ரொம்ப இறங்கினால் ஒரு நாள் விடுவேன். முப்பத்தாறு வந்த அன்றைக்கு மறுநாள் கலக்கவில்லை. நான் கவனமில்லாதவன் இல்லை.

கொல்லும் எண்ணம் இருந்ததா என்று உங்கள் ஸ்டேஷன் எழுத்தர் இரண்டு தடவை கேட்டார். இல்லை. செத்தவர் கையைப் பிடித்தால் முள் நிற்க இடமே இருக்காது. சும்மா சுற்றிக்கொண்டே இருக்கும். அது எனக்கு எதற்கு?

ஜாத்திரை வாரம் முழுவதும் நான் சரியாகத் தூங்கவில்லை, சாப்பிடவில்லை. சனிக்கிழமை தேன்மொழி தானே போன் செய்தாள். "மாமா, அலிபிரில எறநூறு படி ஏறி எறங்கிட்டேன். நந்திதா கூட வந்தா. மூச்சே வாங்கல. கங்கம்மா காப்பாத்திட்டா." ரொம்ப சந்தோஷம் தேனு என்றேன். போன் கையிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. எடுத்துப் பார்க்கையில் அவள் இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். அறுபத்தாறு, அறுபத்தொன்பது, எழுபத்திரண்டு. அடுத்த புதன்கிழமை எழுபத்திரண்டோடு சித்தூர் வந்து இறங்கினாள். வாட்ச் அவள் கையில் கட்டியிருந்தது. கழற்றித் தரவில்லை.

வியாழக்கிழமை காலை கூழ் கரைத்தேன். வெள்ளிக்கிழமை கையைப் பிடித்து எண்ணினேன். அவள் மணிக்கட்டில் கட்டியபடியே டயலைப் பார்க்க வேண்டியிருந்தது. ஐம்பத்தாறு. எனக்குள் ஏதோ அடங்கியது. ஆனால் சனிக்கிழமை எழுபது. ஞாயிறு எழுபத்தொன்று. அளவைக் கூட்டினேன். எழுபத்திரண்டு. இன்னும் கூட்டினேன். டம்ளர் தினமும் காலியாகத்தான் இருந்தது. கடையில் எனக்கு நிற்க முடியவில்லை. மருந்து வாங்க வருகிறவர்களின் மணிக்கட்டுகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நந்திதா அவளுக்குத் தன் கையைத் தானே எண்ணக் கற்றுக்கொடுத்திருக்கிறாள் என்பது எனக்குத் தெரியாது. பன்னிரண்டு வருடமாக அந்த டயலை நான் ஒருவன்தான் படித்துக்கொண்டிருந்தேன். அவளுக்குப் படிக்கத் தெரியும் என்பதே எனக்குத் தோன்றவில்லை. போர்டில் எந்தப் புள்ளியில் மின்சாரம் நிற்கிறது என்று பார்க்கத் தெரிந்தவள். கூழ் குடித்த வியாழக்கிழமை காலை எழுபத்திரண்டு, சாயங்காலம் ஐம்பத்து நாலு என்று எழுதிவைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமையிலிருந்து கூழை பாட்டிலில் ஊற்றி எடுத்துவைத்திருக்கிறாள்.

மே முப்பதாம் தேதி காலை. வெயில் இன்னும் ஏறவில்லை. டம்ளரைக் கொண்டுபோய் வைத்தேன். அவள் குளித்து, புடவை மாற்றி, கால்மேல் கால் போட்டு மேஜைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் பை. பீரோ கண்ணாடியில் கடிதம் இல்லை. டம்ளரை எடுத்து என் பக்கம் நகர்த்தினாள்.

"நீ குடி மாமா."

"உனக்குத்தான கரைச்சேன்."

"தெரியும். நீ குடி."

நான் டம்ளரைத் தொடவில்லை.

"ரெண்டு பாட்டிலு நந்திதா எடுத்துக்கினு போயி அவங்க காலேஜ் மேடம் கிட்ட குடுத்தா. டெஸ்ட் பண்ணி, இன்னா கலந்து கீதுன்னு பேரு எழுதிக் குடுத்துட்டாங்க. உன் கடைல இருக்கிற மாத்திர தான்." அவள் குரல் உயரவில்லை. "நேத்து நீ கடைக்கிப் போனதும் மெடிக்கலுக்கும் போய் வந்துட்டேன். வேலைக்கி எடுத்துக்கறோம்னு சொல்லிட்டாங்க. வெளிய அக்காவும் ரமணா மாமாவும் வேன்ல கீறாங்க. இங்கருந்து ஸ்டேஷனுக்குப் போறேன். அங்கருந்து தடா."

தலையசைத்தேன்.

"மாத்திர பேரு எனக்குத் தெரிஞ்சி போச்சி. எதுக்குன்னுதான் தெரில. சண்ட போட்டமா? உன்ன உட்டுட்டு எவன் கூடனா போயிட்டனா? புருவம் கிழிஞ்சி ரத்தம் வந்தப்ப நீதான தூக்கின. அப்பகூட உன் மனசு..." அவள் நிறுத்திக்கொண்டாள். தண்ணீர் குடித்தாள். அதையும் குடத்திலிருந்து தானே மொண்டு குடித்தாள். "உனக்கு இன்னாதான் வேணும் மாமா? ஒரு தபா வாயத் தொறந்து கேட்டிருந்தா, குடுக்கறனா இல்லியான்னு நானு சொல்லியிருப்பேன் இல்ல?"

வெளியே வேன் ஹாரன் அடித்தது. அவள் எழுந்து பையைத் தோளில் மாட்டினாள். ஜன்னல் பக்கம் நாற்காலி அப்படியே இருந்தது. அதைத் தாண்டிக் கதவு வரை போய்விட்டாள்.

மேடம், பன்னிரண்டு வருடத்தில் நான் அவளிடம் எதையும் கேட்டதில்லை என்று முன்பே சொன்னேன். மைசூர்பா வாங்கிய சாயங்காலம் அது என் நாக்கு நுனியில் இருந்தது. பஸ் ஸ்டாண்டுப் பலகை முன்னால் நின்றபோது இருந்தது. கூழ் கலக்கிய ஒவ்வொரு காலையிலும் இருந்தது. படித்தவள், சம்பாதிக்கிறவள், அவளைத் தடுக்கிற மாதிரி ஒரு வார்த்தை என் வாயிலிருந்து வந்துவிடக் கூடாது என்று அடக்கிக்கொண்டேன். கெட்ட புருஷன் என்று அவள் நினைத்துவிடக் கூடாதே என்று. அது ஒன்றும் பெரிய விஷயம் இல்லை. எந்தப் புருஷனும் பெண்டாட்டியிடம் கேட்கக் கூடியதுதான். அன்று அவள் கதவுத் தாழ்ப்பாளில் கை வைத்தபோது, முதல்முறையாக, அவளுக்குக் கேட்கும்படி சொன்னேன்.

"போவாத தேனு."